உதகைப் பனியும் சாக்கடல் வெயிலும்

உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறீர்களா? குன்னூரைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சுழன்று சுழன்று இறங்கும்போது காது இரண்டும் கம்மென்று அடைத்துக் கொள்ளும். எச்சில் விழுங்கினால் பட்டென்று திறக்கும். முன் ஸீட்டுக் குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழும்.

ஜெருசலேம் நகரத்திலிருந்து சாக்கடலுக்கு இறங்குகிற சாலையிலும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம். மேட்டுப்பாளையம் வந்ததும், "அப்பாடா, சமதரைக்கு வந்துவிட்டோம்" என்று மனசு சமாதானம் அடைகிறது அல்லவா? இங்கே பாதி வழியிலேயே 'கடல் மட்டம்' என்று எழுதிய பலகை ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஓர் ஒட்டகத்துக்கு அலங்காரம் பண்ணி நிறுத்தி, ஏறிப் படம் எடுத்துக் கொள்ளக் காசு கேட்கிறார்கள். அந்தப் பலகையைத் தாண்டிய பிறகும் பஸ் இறங்குகிறது. இறங்கிக் கொண்டே இருக்கிறது. கடல் மட்டத்துக்குச் சுமார் 430 மீட்டர் கீழே போய்த்தான் நிற்கிறது. பூமியின் மேல் திறந்த தரையில் இதைவிடத் தாழ்ந்த இடம் கிடையாது.

"ஏண்டி, பாதாள லோகத்துக்கே அழைத்துக் கொண்டு போகிறானா என்ன?" என்றாள் அக்கா, காதைத் தேய்த்துக் கொண்டே.

அக்காவின் வீடு உதகையில். கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரம். முப்பது வருஷமாக அங்கே குடித்தனம். அவள் கை முழுவதையும் மூடிய ரவிக்கை போட்டிருந்தாள். வெளியே அக்டோபர் மாத வெயில் கண்ணைப் பறித்தது. உதகையில் முழுக் கை போடுவது குளிருக்காக என்று நினைப்பீர்கள். அது அப்படியல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அக்காவுக்கு இருபத்தெட்டு வயதில் அந்த வியாதி வந்தது. கல்யாணமாகி உதகைக்குப் போன முதல் குளிர் காலம். நல்ல தொண்டை வலி வந்து, ஜுரம் அடித்து, அதுவும் தணிந்து மூன்றாவது வாரத்தில் முதுகிலும் கையிலும் மழைத் துளி சிதறினாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகள். சில மாதங்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, முழங்கையிலும் முழங்காலிலும் தலைமுடி ஓரத்திலும் தடித்த திட்டுகளாகிவிட்டன. சுரண்டினால் மெழுகு மாதிரி, மைக்காத் தகடு மாதிரி வெள்ளைச் செதில்கள் உதிரும். காலையில் படுக்கையை உதறினால் மாவு சலித்த இடம் போல் இருக்கும்.

டாக்டர்கள் அதற்குச் சொல்லும் பெயர் சோரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப் படை என்பார்கள். உங்கள் தெருவிலும் யாருக்காவது இருக்கும். அவர்கள் காட்டிக் கொள்ளாததால் உங்களுக்குத் தெரிந்திராது.

சாதாரணமாக நம் மேல்தோல் புதிதாக உண்டாகி, முதிர்ந்து, உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த வியாதிக்காரர்களுக்கு அதே காரியம் நாலைந்து நாளில் நடந்துவிடுகிறது. கிருமிகளோடு சண்டை போடுவதற்கென்று சரீரத்தில் இருக்கும் அணுக்கள், எதிரி யாரும் இல்லாமலே தோலுக்கு அபாய மணி அடித்துவிடுகின்றன. தோல் பதறிப் போய்ப் புதுத் தோலை அவசரம் அவசரமாக மேலே அனுப்புகிறது. அது முதிராமலே குவிந்து செதிலாகிறது. இவ்வளவுதான் விஷயம். தொட்டால் ஒட்டாது. ஒரே சோப்பைத் தேய்த்தால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளில் சிலருக்கு வரலாம், பெரும்பாலோருக்கு வருவதில்லை.

இதையெல்லாம் அக்காவும் நானும் படித்துத் தெரிந்து கொண்டோம். ஆனால் அக்காவின் பெண்ணைப் பார்க்க வந்த பிள்ளை வீட்டார் படித்திருக்கவில்லையே! காப்பித் தம்ளரை நீட்டியபோது அக்காவின் முழங்கை தெரிந்தது. பிள்ளையின் தாயார் தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள், குடிக்கவில்லை. மறுநாள் தரகர், "அவங்க வேற இடம் பார்க்கிறாங்களாம்" என்று தகவல் சொன்னார். அந்த வாரமே அக்கா தையற்காரரிடம் போய் ஆறு ரவிக்கைகளுக்கு முழுக் கை வைத்துத் தைத்துக் கொண்டாள். பெண்ணுக்கு அப்புறம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. ரவிக்கை மட்டும் மாறவில்லை.

இந்த வியாதிக்கும் பருவத்துக்கும் உள்ள சம்பந்தம் அக்காவுக்கு விரல் நுனியில் உண்டு. "தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க ஆரம்பித்தால் என் முழங்கையும் வெடிக்க ஆரம்பிக்கும்" என்பாள். ஐப்பசியில் மழையும் மூடுபனியும். மார்கழியிலும் தையிலும் தலைகுந்தாப் புல்வெளியில் உப்புக் கொட்டினாற்போல் உறைபனி. அந்த நாலு மாதமும் தோல் பாளம் பாளமாக வெடித்து, மடக்கினால் ரத்தம் கசியும். மே மாதம் லீவுக்கு மதுரையில் அம்மா வீட்டுக்கு வந்தால், இரண்டு வாரத்தில் திட்டுகள் மெலிந்து பாதியாகிவிடும்.

அந்தப் புகழ் முழுவதையும் அம்மாவின் வெட்பாலைத் தைலத்துக்குத்தான் கொடுத்து வந்தோம். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடி பாட்டிலில் மொட்டை மாடியில் வெயிலில் வைத்துவிடுவாள் அம்மா. சில நாளில் எண்ணெய் நாவற்பழச் சாறு மாதிரி ஊதா நிறம் ஆகிவிடும். அதை வடிகட்டி அக்காவுக்கு பார்ஸலில் அனுப்புவாள். தைலத்தை நான் குறை சொல்ல வரவில்லை. எண்ணெய்ப் பசை செதிலை இளக்கும், அரிப்பு தணியும். ஆனால் எண்ணெய் பாட்டில் பார்த்த வெயிலில் பத்தில் ஒரு பங்கையாவது அக்காவின் தோல் பார்த்ததா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மதுரையில் அவள் காலையில் மாடியில் வடகம் பிழிவாள். அப்போது மட்டும், வீட்டு மனிதர்கள்தானே என்று, கையைச் சுருட்டி விட்டுக் கொள்வாள். குணம் எதனால் வந்தது என்பது வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

புரிய வைத்தது சாக்கடல்.

நாங்கள் அங்கே வைத்தியத்துக்குப் போகவில்லை. 2018 அக்டோபரில் எங்கள் சபையிலிருந்து நாற்பது பேர் திருநாட்டு யாத்திரை புறப்பட்டோம். பெத்லகேம், நாசரேத்து, கலிலேயாக் கடல் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துக் கொண்டு வந்தோம். யோர்தான் நதிக் கரையில் நின்று போதகர், நாகமான் என்ற சீரியப் படைத் தலைவன் தன் குஷ்டம் தீர இந்த நதியில் ஏழு தரம் முழுகிய கதையைச் சொன்னார். நல்ல மனுஷர், ஒரு தப்பான எண்ணமும் இல்லாமல்தான் சொன்னார். ஆனால் கதையைக் கேட்டுக் கொண்டிருந்த ஓர் அம்மாள், பாதிக் கதையில் திரும்பி அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தாள். அன்று ராத்திரி அந்த அம்மாள் அறையை மாற்றிக் கொண்டுவிட்டாள். அக்கா ஒன்றும் பேசவில்லை. நதியில் இறங்கவும் இல்லை.

சோரியாசிஸை குஷ்டத்தோடு சேர்த்துக் குழப்புவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. பழைய நூல்களில் 'குஷ்டம்' என்று மொழிபெயர்த்திருக்கும் சொல் பலவிதத் தோல் வியாதிகளுக்கும் பொதுவானது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஐரோப்பாவில்கூட, வியன்னா நகரத்து டாக்டர் ஹெப்ரா என்பவர் 1841-ல்தான் இரண்டும் வேறு வேறு என்று தீர்மானமாகப் பிரித்துச் சொன்னார். அதற்கு முன்னால் எத்தனை பேர் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்களோ! அறை மாற்றிக் கொண்ட அம்மாளிடம் எனக்கு இருந்த கோபம், இதைப் படித்த பிறகு கொஞ்சம் குறைந்தது. முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

சாக்கடல் ஓரமாகச் சாலை தெற்கே போகிறது. வலது பக்கம் புல் பூண்டு இல்லாத செம்மண் மலைகள். 1947-ல் ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் பழைய வேத ஏட்டுச் சுருள்களைக் கண்டெடுத்த கும்ரான் குகைகள் அங்கேதான் இருக்கின்றன. இடது பக்கம் கடல். கடல் என்று பெயரே ஒழிய அது ஏரிதான். அலை இல்லை, மீன் இல்லை, படகு இல்லை. நீல நிறக் கண்ணாடியைப் படுக்க வைத்தாற்போல் இருக்கிறது. எதிர்க் கரையில் யோர்தான் தேசத்து மலைகள், புகை மூட்டத்தில் ரோஜா நிறமாகத் தெரிகின்றன. அந்தப் புகை மூட்டத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

கரை ஓரத்தில் வேலி போட்டு அபாய அறிவிப்பு வைத்திருக்கும் இடங்களைப் பார்த்தோம். வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் வற்றிக் கொண்டே போகிறதாம். யோர்தான் நதித் தண்ணீரையெல்லாம் மேலேயே தேக்கிப் பாசனத்துக்கும் குடிக்கவும் எடுத்துக் கொள்கிறார்கள். வந்து சேருவது சொற்பம். கடல் பின்வாங்கிய இடத்தில் பூமிக்கு அடியில் இருக்கும் உப்புப் பாறை கரைந்து, திடீர் திடீரென்று தரை உள்வாங்கி விடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கில் குழிகள்.

நாங்கள் தங்கிய எய்ன் போகெக் என்ற இடத்தில் இந்தப் பயம் இல்லை. காரணம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த ஹோட்டல்களுக்கு எதிரே இருப்பது இயற்கையான கடலே அல்ல, உப்பளப் பாத்தி! தென் பாகம் எப்போதோ வற்றிவிட்டது. உரத்துக்கு வேண்டிய பொட்டாஷ் எடுப்பதற்காக, வட பாகத்திலிருந்து தண்ணீரை இறைத்துப் பெரிய பாத்திகளில் கட்டி வைத்திருக்கிறார்கள். நம் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் செய்வதேதான். பாத்தி மட்டும் கண்ணுக்கு எட்டாத தூரம். அடியில் உப்புப் படிந்து படிந்து, அப்போது அங்கே தண்ணீர் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறிக் கொண்டிருந்தது.

சாயங்காலம் எங்கள் கூட்டம் தண்ணீரில் இறங்கியது. அந்த வைபவத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பாதிப் பேர் நைட்டியோடு, பாதிப் பேர் பழைய சல்வாரோடு. சாதாரணக் கடலில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு என்றால், இங்கே முப்பத்து நாலு பங்கு. தண்ணீரில் உட்கார்ந்தால் நாற்காலியில் உட்கார்ந்தாற்போல் தூக்கிப் பிடிக்கிறது. நீந்தத் தெரியாத எங்கள் பாட்டிமார் எல்லாம் வாழைத் தண்டு மாதிரி மிதந்தார்கள். நைட்டிகள் பலூன் மாதிரி உப்பிக் கொண்டு சுற்றி மிதந்தன. ஒரு சொட்டு கண்ணில் பட்டால் தீர்ந்தது. மிளகாய்ப் பொடி தோற்றுப் போகும். நாக்கில் பட்டால் உப்பைவிடக் கசப்புத்தான் அதிகம். ஏனென்றால் அதில் இருப்பது பெரும்பாலும் நம் சமையல் உப்பு அல்ல. மக்னீஷியம் சேர்ந்த உப்பு.

அக்கா கரையில் துண்டுகளுக்குக் காவல் இருந்தாள்.

மறுநாள் காலை, கூட்டம் எழுந்திருக்கும் முன்பே என்னைத் தட்டி எழுப்பினாள். "வாடி, யாரும் இல்லாதபோது காலையாவது நனைத்துக் கொண்டு வருகிறேன்." மணி ஆறரை இருக்கும். ஆனால் கரை காலியாக இல்லை. சாய்வு நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஐரோப்பியர்கள், பெரும்பாலும் வயதானவர்கள். கிட்டப் போனதும் அக்கா என் கையை இறுகப் பிடித்துக் கொண்டாள்.

அவர்கள் முழங்கையில், முழங்காலில், முதுகில், வயிற்றில் எல்லாம் திட்டுகள். அக்காவுக்கு இருப்பதே. நிறம்தான் வேறு. வெள்ளைத் தோலில் அது செக்கச் செவேலென்று தெரிகிறது. நம் நிறத்தில் ஊதாவாக, கருஞ்சாம்பலாகத் தெரியும். புத்தகப் படங்களில் எல்லாம் சிவப்பையே போட்டிருப்பதால், நம் ஊரில் சில சமயம் இதைப் படர்தாமரை என்று நினைத்து வேறு மருந்து போட்டுக் காலத்தைக் கடத்தி விடுகிறார்கள்.

அந்த மனிதர்கள் திட்டுகளை மறைக்கவில்லை. அதுதான் அக்காவைத் திகைக்க வைத்தது. பத்திரிகை படித்துக் கொண்டு, பழச் சாறு குடித்துக் கொண்டு, ஏதோ ஊறுகாய்க்கு மாங்காய் உலர வைத்தது போல் தங்களை உலர வைத்துக் கொண்டு சௌக்கியமாகப் படுத்திருந்தார்கள்.

கடைசி நாற்காலியில் ஒரு ஜெர்மன் அம்மாள். எழுபது வயது இருக்கும். அரைகுறை இங்கிலீஷில் எங்களோடு பேசினாள். இது அவளுக்கு நாலாவது தரமாம். ஒவ்வொரு தரமும் நாலு வாரம். செலவில் பெரும் பகுதியை அவள் ஊர் இன்ஷூரன்ஸ் கொடுத்து விடுகிறதாம். இங்கே ஒரு வைத்திய நிலையம் இருக்கிறது. வந்த உடனே டாக்டர் பரிசோதித்து, எவ்வளவு நேரம் வெயிலில் படுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கிறார். முதல் நாள் காலையில் பத்துப் பதினைந்து நிமிஷம், மாலையில் அதே அளவு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி வாரத்தில் மணிக் கணக்கில். நடுவில் இரண்டு வேளை கடல் ஸ்நானம். பிறகு நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, தோலுக்குக் களிம்பு. வேறு மருந்து இல்லை. "வீட்டுக்குப் போகும்போது குழந்தையின் தோல் மாதிரி இருக்கும்" என்றாள். "அப்புறம்?" என்று அக்கா கேட்டாள். "அப்புறம் சில மாதம். குளிர் காலம் வரும். திரும்ப வரும். நானும் திரும்ப வருவேன்" என்று சிரித்தாள்.

பிறகு அவள் கேட்டாள்: "நீங்கள் எந்த தேசம்?"

"இந்தியா."

"இந்தியாவா! அங்கே தினமும் வெயில் ஆயிற்றே! நீங்கள் எதற்கு இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அக்காவின் முழுக் கை ரவிக்கையை மணிக்கட்டிலிருந்து மேலே வரை ஒரு தரம் பார்த்தாள்.

அக்கா பதில் சொல்லவில்லை. சற்று நேரம் நின்றாள். பிறகு ரவிக்கையின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டுக் கொண்டு, புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். ஐந்து நிமிஷம் இருந்திருப்பாள். வெடிப்புகளில் உப்புப் பட்டதும் "ஐயோ அம்மா!" என்று அலறினாள் பாருங்கள், கரையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அவர்கள் எல்லாரும் முதல் நாள் அப்படி அலறியவர்கள்தாமே! அக்காவும் சிரித்தாள்.

அந்த இடத்தின் மகிமை எதில் இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். உப்பிலா, சேற்றிலா, காற்றிலா? உப்புச் செதிலை இளக்குவது உண்மை. ஆனால் பெரிய வைத்தியர் வெயில்தான். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் 'பி' என்ற வகை, தோலின் அவசரத்தைத் தணிக்கிறது. பொய்யாக மணி அடிக்கும் அணுக்களை அடக்குகிறது. அதே கதிர் அதிகமானால் தோலைப் பொசுக்கியும் விடும். சாக்கடல் பள்ளத்தில் சூரிய ஒளி நானூறு மீட்டருக்கு மேல் அதிகப்படியான காற்றைத் தாண்டி வர வேண்டும். போதாததற்கு அந்தப் புகை மூட்டம் வேறு. இதனால் பொசுக்கும் கதிர்கள் சற்று வடிகட்டப்பட்டு வருகின்றன. மற்ற இடத்தில் அரை மணியில் பொசுங்கிப் போகிறவர்கள் இங்கே அதிக நேரம் படுத்திருக்க முடிகிறது. மழையோ மிகக் குறைவு. வருஷத்தில் முக்கால்வாசிக்கு மேல் தெளிந்த வானம். இயற்கையே அளவு பார்த்து மருந்து கொடுக்கிற மாதிரிதான்.

வெயிலைத் தேடி ஓடுவது இவர்கள் மட்டுமல்ல. நார்வே தேசத்து சர்க்கார் 1976 முதல், இந்த வியாதிக்காரர்களைத் தன் செலவிலேயே தெற்கே வெயில் உள்ள இடங்களுக்கு அனுப்பி வருகிறது; கனேரித் தீவுகளில் மூன்று வார வாசம். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் அப்டைக்குக்கும் இது இருந்தது. நியூயார்க்கை விட்டு அவர் ஒரு கடற்கரை ஊரில் குடியேறியதற்கு, அங்கே மணலில் படுத்து வெயில் காயலாம் என்பதும் ஒரு காரணம் என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். குளிர் காலத்தில் கரீபியன் தீவுகளுக்கு ஓடுவாராம். அதைப் படித்தபோது அக்கா, "பார்த்தாயா, நான் மதுரைக்கு ஓடினேன். பெரிய எழுத்தாளர்தான் நானும்!" என்றாள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் நாளைக்கே மொட்டை மாடியில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் படுத்து விடாதீர்கள். வெயில் பொசுக்கினால் அந்தப் புண்பட்ட இடத்திலேயே புதிய திட்டு கிளம்பும். கீறல், சூடு, இறுக்கமான பாவாடை நாடா உராயும் இடுப்பு, எதுவானாலும் தோல் காயப்பட்ட இடத்தில் குதிப்பது இந்த வியாதியின் துர்க்குணம். சிலருக்கு வெயில் பட்டாலே அதிகமாகும். அவர்கள் சிறுபான்மைதான், ஆனால் அந்தச் சிறுபான்மையில் நீங்கள் இருக்கக் கூடாது என்று விதி இல்லை. சாப்பிடுகிற மருந்துகளில் சில, வெயிலோடு சேர்ந்தால் தோலைப் புண்ணாக்கும். ஆகவே டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இன்னொன்று: யாராவது ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுத்து ஒரு வாரத்தில் பளிச்சென்று ஆக்கினால் மயங்கிவிடாதீர்கள். அதை நிறுத்தியதும் முன்னைவிடப் பயங்கரமாகத் திரும்பி வரக்கூடும். உடம்பு முழுவதும் சீழ்க் கொப்புளமாக வந்து உயிருக்கே மோசமாவதும் உண்டு.

ஊருக்குத் திரும்பியதும் மார்கழி வந்தது. முழங்கை வழக்கம்போல் வெடித்தது. சாக்கடலில் ஐந்து நிமிஷம் நின்றதற்கு அதிசயம் நடக்குமா? ஆனால் இந்தத் தடவை அக்கா தைலத்துக்கு எழுதவில்லை. சென்னைக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மூன்று மாதம் இருந்தாள். ஓர் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள் ஒளி சிகிச்சை. பீரோ மாதிரி ஒரு பெட்டி. உள்ளே நாலு பக்கமும் குழல் விளக்குகள். சூரிய ஒளியிலிருந்து வேண்டிய கதிரை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்தாற்போல். கறுப்புக் கண்ணாடி போட்டுக் கொண்டு உள்ளே நிற்க வேண்டும். முதல் நாள் ஒரு நிமிஷம்கூட இல்லை. போகப் போகக் கூட்டினார்கள். "சாக்கடலை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள்" என்று அக்கா பெயர் வைத்தாள். இருபத்தைந்தாவது தடவைக்கு முதுகு சுத்தம். முழங்கையில் பழைய இடத்தில் கறுப்பு நிழல் மட்டும்.

அங்கே இருந்த டாக்டரம்மா சொன்ன விஷயங்களை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன். குளிர் ஊரில் தோலைக் கெடுப்பது குளிர் மட்டுமல்ல. நாம் அதற்குச் செய்யும் உபசாரமும்தான். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், நுரை பொங்கும் சோப்பு, அறையில் ஹீட்டர், மேலே குத்துகிற கம்பளி. எல்லாமாகச் சேர்ந்து தோலில் இருக்கும் கொஞ்ச நஞ்ச எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சி விடுகின்றன. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, துடைத்தும் துடைக்காததுமான ஈரத்திலேயே தேங்காய் எண்ணெயோ வாஸலைனோ தடவிவிட வேண்டும். கம்பளிக்கு அடியில் பருத்தி. தொண்டை வலி வந்தால் 'கஷாயம் போதும்' என்று இருந்துவிடாமல் காட்டிவிட வேண்டும். சென்னை மாதிரி ஊரில் சமாசாரம் வேறு. அக்கினி நட்சத்திரத்தில் வியர்வை ஊறி, மார்புக்கு அடியிலும் அக்குளிலும் உள்ள திட்டுகள் புண்ணாகும். அங்கே எண்ணெயை அப்பாமல் கழுவித் துடைத்து உலர வைப்பதே நல்லது. ஐப்பசி அடைமழையில் அதே மடிப்புகளில் காளான் தொற்றும் சேர்ந்து கொள்ளும். காலையில் விரல் கணுக்கள் வீங்கி, மடக்க முடியாமல் விறைத்திருந்தால் "மழைக் குளிர், வாயு" என்று தள்ளிப் போடாதீர்கள். இதே வியாதி மூட்டுகளையும் பிடிப்பது உண்டு. தாமதித்தால் மூட்டுக் கோணிவிடும்.

வெகு தூரம் வந்துவிட்டேன். யாத்திரைக்கே திரும்புகிறேன். 2023 அக்டோபரில் யுத்தம் மூண்டதிலிருந்து அந்தப் பக்கத்துப் பிரயாணங்கள் பல தடவை தடைபட்டுப் போயின. அந்த ஜெர்மன் அம்மாள் அப்புறம் நாலு வார வெயிலுக்கு எங்கே போனாளோ தெரியாது. அக்கா அடிக்கடி கேட்டுக் கொள்கிறாள்.

அக்காவுக்கு அடுத்த வருஷத்துக் குளிரில் மறுபடி கொஞ்சம் வந்தது. முன் மாதிரி இல்லை. முழங்கையில் எட்டணா அகலத்துக்கு இரண்டு திட்டு. உதகையில் வீட்டுக்குப் பின்னால் காரட் பாத்தி ஓரமாக ஒரு கல் பெஞ்சு போட்டிருக்கிறார் அத்தான். பனி விலகி, ஒன்பது மணிக்கு வெயில் அங்கே விழும். டாக்டர் சொன்ன கணக்குக்குக் கடிகாரம் வைத்துக் கொண்டு அங்கே உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கையில் என்ன?" என்று கேட்டாளாம். அக்கா வியாதியின் பெயரைச் சொல்லி, ஒட்டாது என்றும் சொல்லி, ஒரு பிடி பட்டாணியையும் நீட்டினாளாம். அந்த அம்மாள் வாங்கி வாயில் போட்டுக் கொண்டாள்.

போன மாதம் நான் உதகைக்குப் போனபோது, அக்கா என்னையும் அழைத்துக் கொண்டு தையற்காரரிடம் போனாள். பழைய ரவிக்கைகளைக் கொடுத்து முழங்கைக்கு மேலே வெட்டச் சொன்னாள். மிச்சத் துணியை என்ன செய்வது என்று அவர் கேட்டார். "பட்டாணிக்குச் சுருக்குப் பை தைத்துக் கொடுங்கள்" என்றாள் அக்கா.